மூன்று அங்குலம் இல்லாத டேப்

அத்தியாயம் 17

கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, மாப்பிள்ளைக்குத்தான் படுக்க அறை இல்லை என்று மாமியார் சொன்னாரே, அந்த இடத்தில்தான் போன வாரம் நாம் எழுந்து போனோம். இந்த ஏழு நாளில் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை.

கீழே மாமனாரின் தையல் கடை, மேலே வீடு, முன்பக்கம் சரிந்த சிவப்பு ஓடு, ஓட்டுக்குப் பின்னால் மொட்டை மாடி. தெருவில் நாற்பத்தொரு வீடும் இதே அமைப்பு, இதே உயரம். மூலை வீட்டை வாங்கிய பில்டர் அங்கே ஒன்பது மாடி எழுப்பக் கிளம்பினார். தெருவே திரண்டு போய் நகரத் திட்ட அலுவலகத்தின் வாசலில் நின்றது. கடைசியில் தெரு முழுவதும் பாதுகாப்புப் பகுதி என்று அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்புக்கு விதிகள் எழுதியவள் இந்த வீட்டு மூத்த மருமகள். அந்த அலுவலகத்தில் அவள் வரைவாளர். இப்போதெல்லாம் அவள் கடைக்குப் போனால் காய்கறிக்காரர் கேட்காமலேயே ஒரு எலுமிச்சம்பழம் சேர்த்துப் போடுகிறார்.

எலுமிச்சம்பழம் போட்ட கையே திட்டவும் செய்யுமோ என்று அவளுக்கு இந்த வாரம் பயம் வந்துவிட்டது. ஏனென்றால் அவள் எழுதிய விதி அவள் வீட்டு மாடிப்படியிலேயே ஏறி வந்து நிற்கிறது.

கல்யாணம் அவளுடைய கொழுந்தனுக்கு. உயரமும் ஒல்லியுமாக இருப்பதால் தெரு அவனுக்கு வைத்த பெயர் ஊசி. பஸ் ஓட்டுகிறான். பெண், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவள். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சர்டிபிகேட் வாங்கப் போன இடத்தில், எழுத்துப் பலகையின் கடைசி வரி தெரியவில்லை என்று பொய் சொல்லியே மூன்று தடவை அவளிடம் போய் வந்தவன், நாலாவது தடவை உண்மையைச் சொல்லிவிட்டான்.

மொட்டை மாடியில் ஒரே ஓர் அறை கட்டினால் இருவரும் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் ஊர்க்கோடியில் வாடகை வீடு. மாமியார் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு மேஜையில் ஊசியின் தட்டை மட்டும் இரண்டு தடவை துடைத்தார்.

அறை கட்டக் கூடாது என்று விதி சொல்லவில்லை. எதிர் நடைபாதையில் நின்று பார்க்கிறவர் கண்ணில் படக் கூடாது என்றுதான் சொல்கிறது. அது விதி ஏழு, மருமகளின் செல்லப்பிள்ளை. படுமா படாதா என்று கண்டுபிடிக்க வழியும் அவளே எழுதியிருந்தாள். அறை வரப்போகும் இடத்தின் முன்பக்கம், அறையின் உயரத்துக்கு இரண்டு கம்பு நட்டு, நுனிகளுக்கு நடுவில் துணி கட்ட வேண்டும். அதிகாரி எதிர் நடைபாதையில் நின்று பார்ப்பார். துணி தெரிந்தால் அனுமதி இல்லை. தெரியாவிட்டால் கையெழுத்து.

இந்தத் தெருவில் துணி பார்க்கும் வேலையும் மருமகளுடையதுதான், ஆனால் சொந்த வீட்டு விஷயம் என்பதால் அன்றைய வேலையிலிருந்தே எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். பார்க்க வந்தவர் அவளுடைய மேலதிகாரி. சட்டைப் பையில் எப்போதும் ஆறு அங்குல ஸ்கேல் செருகியிருப்பார். அதனால் அலுவலகத்தில் அவர் ஸ்கேல் சார்.

அன்று காலை ஸ்கேல் சாருக்கு இந்தத் தெருவில் இரண்டு வேலை. ஒன்பது மாடி கைநழுவிப் போன பில்டர், சரி, இருக்கிற வீட்டின் மேல் ஒரே ஒரு மாடியாவது கொடுங்கள் என்று விண்ணப்பித்திருந்தார். அதிகாரி எட்டரைக்கே மூலை வீட்டுக்குப் போய், எதிர் நடைபாதையில் நின்று பார்த்து, தெரியவில்லை என்று கையெழுத்துப் போட்டார். அப்போது தெரு பல் துலக்கிக்கொண்டிருந்தது. அடுத்த வேலை பத்து மணிக்கு, தையல்கடையில்.

தையல்கடை மாடியில் ஒன்பது மணிக்கே கூத்து ஆரம்பித்துவிட்டது. கம்பு ஒன்பது அடி நிற்க வேண்டும். இரும்பு டேப்பைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப் போய் மாதக்கணக்காகிறது. ஆணியில் தொங்கிய தையல் டேப்பை எடுத்துக்கொண்டு மாமனார் படியில் கால் வைத்த நேரம், கோட்டுக்கு அளவு கொடுக்க ஒருவர் வந்து நின்றார். மாமனார் டேப்பைச் சுருட்டி மேலே நின்ற ஊசியிடம் எறிந்துவிட்டு, அளந்து நடு, வந்துவிடுகிறேன் என்றார். கோட்டுக்காரர் லேசில் விடுகிற ஆளில்லை. மாமனார் மேலே போகவே இல்லை.

துணிக்கு அந்த வீட்டில் பஞ்சமா? என்ன நிறம் என்று விதியில் இல்லை. மாமனார் நல்ல மஞ்சளாக, கண்ணைப் பறிக்கிறதாகப் பார்த்துக் கிழித்துக் கொடுத்திருந்தார். மருமகள் எழுதிய விதியை மாமனாரே ஏய்த்துவிட்டார் என்று நாளை ஒரு பேச்சு வரக் கூடாது என்பது அவருடைய கட்சி.

பத்து மணிக்கு மொத்தத் தெருவும் எதிர் நடைபாதையில் நின்றது. ஸ்கேல் சார் சாக்பீஸால் ஒரு குறி போட்டு, அதில் காலை வைத்து நின்றார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு, "தெரியலை" என்றார்.

தெரு கைதட்டியது. பில்டரின் ஆள், எந்த வெயிலிலும் டை கட்டுகிறவர், மூலையில் நின்று அவரும் தட்டினார். மருமகள் ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டுவிட்டு அலுவலகம் போனாள்.

இதோடு அத்தியாயத்தை முடித்துவிட்டால் எனக்கும் சுகம், உங்களுக்கும் சுகம். ஆனால் மத்தியானம் அவள் சாப்பிட வீட்டுக்கு வந்தாள்.

சாப்பிட்ட கை காய்வதற்குள் மாமியார் பிடித்துக்கொண்டார். புது அறைக்குத் திரைச்சீலை தைக்க வேண்டுமாம். அறையே இன்னும் காற்றில்தான் இருக்கிறது, அதற்குள் திரைச்சீலை. இருந்தாலும் அந்த முகத்தில் அத்தனை நாளுக்கப்புறம் வந்த சிரிப்பைப் பார்த்து மறுக்க மனம் வரவில்லை. கடை ஜன்னலும் அதே அளவுதான் என்பதால் மருமகள் கீழே வந்து, ஆணியில் தொங்கிய டேப்பை ஜன்னலில் வைத்து, நாற்பத்தெட்டு என்று படித்தாள்.

மாமனார் மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "மூணு கழிச்சுக்கோம்மா" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. டேப்பின் முனையைப் பார்த்தாள். ஒன்று இல்லை, இரண்டு இல்லை, மூன்றிலிருந்துதான் தொடங்கியது. நுனித் தகடு விழுந்து, நூல் பிரிந்து நைந்துபோன முதல் மூன்று அங்குலத்தை மாமனார் என்றோ வெட்டி எறிந்திருந்தார். வாடிக்கையாளர்களுக்குப் புது டேப். இது வீட்டு வேலைக்கு. பழகிய டேப்பைத் தூக்கிப் போட அவருக்கு மனசு வரவில்லை. அளக்கும்போதெல்லாம் மூன்று கழிப்பது அவருக்குச் செருப்பு மாட்டுகிற மாதிரி, யோசித்துச் செய்கிற வேலையே இல்லை.

"மாமா, காலையில கம்பை யார் அளந்தது?"

"ஊசிதான்."

"இந்த மூணு கழிக்கிற விஷயம் அவனுக்குத் தெரியுமா?"

மிஷின் நின்றது.

ஊசிக்கு எப்படித் தெரியும்? சின்ன வயதில் பித்தான் தைக்க உட்காரச் சொன்னாலே கொல்லைப்பக்கமாக ஓடியவன். தையல்காரர் மகனுக்குத் தையல் டேப்பில் எண் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். அறுபது வரை ஒரு தடவை வைத்திருப்பான், மிச்சத்துக்கு இன்னொரு தடவை. இரண்டு தடவையும் மூன்று மூன்று அங்குலம் போயிருக்கிறது. ஒன்பது அடி என்று நட்ட கம்பு எட்டரை அடிதான்.

மாமனாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. இந்தக் கடையில் அளவு தப்பியது என்று இதுவரை ஒருத்தர் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடினார். அப்புறம், அரை அடிதானே, யார் ஏணி வைத்து அளக்கப் போகிறார்கள் என்று தொடங்கினார், முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். படியில் நின்று எல்லாவற்றையும் கேட்ட மாமியார் திரைச்சீலைத் துணியை மடித்து மறுபடி அலமாரியில் வைத்தார். அலமாரிக் கதவு மெதுவாகச் சாத்தப்பட்ட சத்தம் மருமகளுக்கு யாரோ திட்டியதைவிட வலித்தது.

அவளுக்கும் அந்த அறை வேண்டும். அவள் கணவன் ரயில்வே கார்டு. வாரத்தில் நாலு நாள் ரயிலில்தான் இருப்பான். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் வாய் திறக்கவே பயந்த அவளை முதலில் சிரிக்க வைத்தவன் ஊசி. அவன் ஊர்க்கோடிக்குப் போய்விட்டால் அந்தச் சாப்பாட்டு மேஜையில் கரண்டிச் சத்தம்தான் மிஞ்சும்.

அலுவலகத்தில் ஒரு மணி நேரம் அனுமதி சொல்லிவிட்டுத் தெருமுனையில் போய் நின்றாள். மூன்றே முக்காலுக்கு ஊசியின் பஸ் வந்தது. ஏறி, அவனுக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள்.

டேப், மூன்று அங்குலம், எட்டரை அடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ஊசி தலைக்கு மேல் இருந்த பலகையை விரலால் காட்டினான். ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. பஸ் விஷயத்தில் அவன் அப்படித்தான், அண்ணியானாலும் விதி விதிதான். நிறுத்தம் வந்து பஸ் நின்ற பிறகுதான் வாயைத் திறந்தான்.

"யாருக்கும் தெரியாது இல்ல அண்ணி?"

"எனக்குத் தெரியுமே."

இரண்டு பேர் இறங்கினார்கள், மூன்று பேர் ஏறினார்கள், பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தம் வரை அவள் அவனுடைய பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவன் சொன்னால் என்ன செய்வது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அடுத்த நிறுத்தத்தில் அவன் கண்ணாடியில் பின்கதவைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். அதற்கடுத்த நிறுத்தத்தில் சிவப்பு விளக்கும் சேர்ந்து விழுந்தது. ஊசி திரும்பிப் பார்த்தான்.

"நாளைக்கு இந்தத் தெருவுல வேற யாராவது கம்பு நட்டா, நீங்கதானே போய்ப் பாக்கணும்?"

"ஆமா."

"அப்ப அந்தாளு உங்க மூஞ்சியப் பாத்து சிரிக்கக் கூடாது. அஞ்சு மணிக்கு எனக்கு டூட்டி முடியுது. அளந்து நடுவோம்." பிறகு அசடு வழியச் சேர்த்துக்கொண்டான். "டேப்ப மட்டும் வேற யார்கிட்டயாவது குடுங்க."

அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேல் சார் தொலைபேசியில் ஒப்புக்கொள்வதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது, மறுபடி பார்க்க வேண்டுமானால் புதிய படிவம் வேண்டும், படிவம் தீர்ந்துவிட்டது என்றார். அனுமதி கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிய விண்ணப்பக்காரரை அவர் பார்த்ததே இல்லை. கடைசியில் காலைப் படிவத்தையே அடித்துத் திருத்தலாம், வருகிறேன் என்றார்.

ஐந்தேகாலுக்குத் தெரு மறுபடி கூடியது. பக்கத்து வீட்டுக்காரர் இரும்பு டேப்பைத் தானே கொண்டுவந்து கொடுத்தார், அதில் அவருக்குக் கொஞ்சம் வெட்கம். டை கட்டியவரும் வந்து சேர்ந்தார். இந்தக் குடும்பம் தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொள்ளும் காட்சியை விடாமல் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடைப் பெண் வேலை முடிந்து, அறை கிடைத்துவிட்டது என்ற காலைச் செய்தியோடு சந்தோஷமாக ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக்கொண்டு வந்தவள், விஷயம் கேட்டதும் கடிகாரத்தை மருமகளிடம் கொடுத்துவிட்டு அதிகாரிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

மாடியில் கம்பு எழுந்தது, சுத்தமாக ஒன்பது அடி. சிவப்பு ஓட்டுக்கு மேலே நாலு விரல் அகலத்துக்கு மஞ்சள் ஜம்மென்று தெரிந்தது. தெரு முழுவதும் ஒரே சமயத்தில் உச்சுக் கொட்டியது.

அறையைப் பின்னால் தள்ள முடியாது, அங்கே தண்ணீர்த் தொட்டி. முன்சுவரை உள்ளே இழுக்கலாம், ஆனால் பத்தடி அறை குறைந்துகொண்டே போகும். மாமனார் மேலேயிருந்து கீழே பார்த்தார், கீழேயிருந்து மருமகள் மேலே பார்த்தாள். மத்தியானத்திலிருந்து வாய் திறக்காமல் மாடியில் நின்ற மாமியார்தான் சொன்னார்.

"இழுங்க. அறை குறைஞ்சா பரவாயில்ல. ஆளு குறையக் கூடாது."

அரை அடி இழுத்தார்கள். தெரிந்தது. இன்னொரு அரை அடி. ஸ்கேல் சார் கண்ணைச் சுருக்கினார், கழுத்தை நீட்டினார், தெரியலை என்று அறிவித்தார். மாடியில் ஊசி இரண்டு கையையும் தூக்கினான். கைதட்டல் கிளம்பும் நேரத்தில் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"தெரியுது சார்."

"எங்கம்மா?"

"இடது கம்புகிட்ட. ஒரு நூல் அளவு."

ஸ்கேல் சார் மறுபடி பார்த்தார். அவருக்கு ஓடுதான் தெரிந்தது. ஒரு நூலுக்காக ஒருவருடைய கல்யாண அறையைக் கெடுக்கிற இந்தப் பெண்மேல் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "நீ யாரும்மா?" என்றார்.

"கல்யாணப் பொண்ணு சார்."

தெரு வெடித்துச் சிரித்தது. ஸ்கேல் சாருக்கே சிரிப்பு வந்து ஸ்கேல் பையிலிருந்து விழுந்தது. மேலேயிருந்து ஊசி, "கடைசி வரியா?" என்று கேட்டான்.

"கடைசி வரிதான்" என்றாள் அவள். "எனக்கு நிஜமாவே தெரியுது."

மருமகள் கடிகாரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். தன் அறையிலிருந்தே அரை அடியை வெட்டிக் கொடுக்கிறாள், முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. இவள் ஊர்க்கோடியில் குடியிருக்கக் கூடாது, நம் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று மருமகளுக்கு அந்த நிமிஷத்தில் ஆசை ஆசையாக வந்தது.

இன்னும் அரை அடி இழுத்தார்கள். பெண் பார்த்தாள், தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள், இப்போது இல்லை என்றாள். அதற்குப் பிறகுதான் ஸ்கேல் சார் பேனாவைத் திறந்தார். வரைபடத்தில் பத்தடி எட்டரை அடியானது. மாமனார் அறையின் புது முன்சுவரை மாடித் தரையில் தையல் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டார். மாமியார் வாங்க நினைத்திருந்த மூன்று கதவு அலமாரி அந்தக் கோட்டுக்குள் நுழையாது. ஊசிக்கு மொத்தம் நாலு சட்டைதானே என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு, திரைச்சீலைத் துணியை எடுக்கக் கீழே போனார்.

டை கட்டியவருக்கு இந்தச் சந்தோஷம் பொறுக்கவில்லை. போனைப் பிடித்தபடியே கிட்ட வந்து, இவ்வளவு பாடுபட்டு ஒன்றரை அடியைத் தொலைத்துவிட்டீர்களே, நாங்கள் காலையில் ஒரே பார்வையில் பாஸ் என்றார்.

"எந்த வீடு சார்?" என்று கேட்டாள் கண்ணாடிக் கடைப் பெண்.

மூலையில் இருக்கிறதே, அது என்று அவர் பெருமையாகப் போனையும் அந்தப் பக்கம் திருப்பினார். அவள் நடைபாதையோடு மூலை வீட்டுக்கு எதிரே நடந்தாள். காலையில் ஸ்கேல் சார் நின்ற சாக்பீஸ் குறி அங்கே அழியாமல் இருந்தது. அதன்மேல் நின்று, கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்தாள். பின்னாலேயே வந்த மருமகளும் பார்த்தாள். ஓடுதான் தெரிந்தது, வரிசை வரிசையாகச் சிவப்பு ஓடு.

"சார்" என்று ஸ்கேல் சாரைக் கூப்பிட்டாள் அந்தப் பெண். "ஓடு காத்துல ஆடுமா?"

அப்போது லேசாக ஒரு காற்று வந்தது. மூலை வீட்டு ஓட்டின் மேல்வரிசை மெல்ல உப்பி, அசைந்து, மறுபடி அடங்கியது. ஓட்டின் அதே சிவப்பில், இரண்டு கம்புக்கு நடுவில் கட்டிய துணி. கம்புகளுக்கும் அதே சாயம். துணி கட்ட வேண்டும் என்று எழுதியவள் நிறத்தை எழுதாமல் விட்டது மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஸ்கேல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். டை கட்டியவர் ஒரு கையால் டையைத் தளர்த்தினார். அவருடைய இன்னொரு கையில் போன் இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது.